ஆறாவது பொன்னாடை

தேரிக்காட்டு ஓரத்தில், சிவப்பு மணல் காற்றுக்குத் தகுந்தபடி இடம் மாறிப் படுத்துக்கொள்ளும் ஆலடிவிளையில், ஆலயத்தில் ஊரே கூடி உண்ணும் அசனப் பண்டிகைக் கபடிப் போட்டியின் பெண்கள் இறுதியாட்டம் முடிந்த மறுநாள் சாயங்காலம் சரியாக ஐந்து பத்துக்கு, ஆளில்லாத களத்திலிருந்து மண் எழுந்து, ஒரு பக்கம் ஏழு பெண்களாகவும் எதிர்ப்பக்கமிருந்து பாடி வரும் ஒரு பெண்ணாகவும் திரண்டு நின்று, முந்தைய நாளின் கடைசி ரைடை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே ஆடிக் காட்டிவிட்டு, மறுபடியும் மண்ணாகப் படுத்துக்கொண்டது. களத்தில் மிளகாய் வற்றல் காயப் போட்டிருந்த தங்கபுஷ்பம், “பாத்து ஆடுங்க பிள்ளைகளா, வத்தல மிதிச்சிராதீய” என்று சொல்லிக்கொண்டே பாயை ஓரமாக இழுத்துப் போட்டாள். எதிரே டீக்கடை வைத்திருக்கும் வைகுண்டமணி டம்ளரில் டீ ஆற்றியபடி பார்த்தார், டீ ஆறிப்போகும் வரை பார்த்தார். ஐந்து பெண்களுக்கு அடியில் அகப்பட்டுக் கையை நீட்டியபடி கிடந்த அந்த மண் பெண் தன் மகள் ஜெனிட்டா என்பதும், நீட்டிய கையின் நடுவிரல் நடுக்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை அந்தப் பக்கம் கிடந்தது என்பதும் தங்கபுஷ்பத்துக்குப் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்த பிறகுதான் உறைத்தது. அவள் கோட்டருகே குந்தி, விரல் கிடந்த இடத்தைத் தன் விரலால் அளந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நான் அப்போது அங்கே இல்லை. ஆனால் முந்தைய நாள் அங்கேதான் இருந்தேன். வெள்ளைச் சட்டை போட்டு, விசிலைக் கழுத்தில் மாட்டி, அந்தக் கோட்டுக்கு மூன்றடி தள்ளி நின்று, ஜெனிட்டா அவுட் என்று கையைத் தூக்கிய பி.டி. வாத்தியார் வேதமாணிக்கம் நான்தான்.

கபடி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கபடி கபடி என்று பாடியபடி எதிர்ப்பக்கம் போவதுதான் ரைடு; போகிறவள் எதிரணியில் யாரையாவது தொட்டுவிட்டு, மூச்சு அறாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அமுக்கிப் பிடித்துவிட்டால் பாயிண்ட் பிடித்தவர்களுக்கு. ஆனால் ஐந்து பேர் முதுகில் கிடந்தாலும் ஒரு விரல் நுனி கோட்டைத் தொட்டுவிட்டால், ஆளுக்கு ஒன்றாக ஐந்து பாயிண்டும் அவளுக்கு. அந்த விரல் நுனியைப் பார்ப்பதற்குத்தான் ஒருவனுக்கு வெள்ளைச் சட்டை கொடுத்து நிறுத்துகிறார்கள். மற்ற எல்லாவற்றையும் ஜனங்களே பார்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு ஆலடிவிளையும் நெடுந்தேரியும் இருபத்தேழுக்கு இருபத்தேழு. கடைசி ரைடு. மேடையில் ஒரு அரசுத் துறை அணியின் பயிற்சியாளர் உட்கார்ந்திருந்தார். கோப்பை வாங்கும் அணியின் ரைடருக்குத் தங்கள் அணியில் இடம், இடத்தோடு வேலை என்று அவர் காலையிலேயே சொல்லி, அதை மைக்செட்காரர் எட்வின் பத்துத் தரம் அறிவித்துவிட்டார். அப்பா இல்லாத பிள்ளை ஜெனிட்டா. நாலு வருஷமாக விடியலில் அந்தத் தேரி மணலில் கணுக்கால் புதையப் புதைய ஓடியவள். அவள் பாடிப் போனபோது ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நான் பிடிக்கவில்லை. நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைத்தால் இன்னும் கேவலம். எங்கள் பக்கத்தில் ஆட்டம் நடந்தாலும் மைக் நிற்காது. ரைடு போகும், அதற்கு நடுவிலேயே இன்னார் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கப்படுவார் என்று பெயர் வாசிப்பார்கள். ஜெனிட்டா பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போன நேரத்தில் எட்வின் ஆறு பெயர் வாசித்தார், ஆறாவது என் பெயர், முப்பத்தோரு வருஷ நடுவர் என்ற அடைமொழியோடு. மேடை மேசையில் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் மடித்த பொன்னாடைகள். நான் எண்ணினேன். ஐந்து இருந்தது. தப்பாக எண்ணியிருப்பேன் என்று இடுப்போரம் விரலை மடக்கி இன்னொரு முறை எண்ணினேன். ஐந்துதான் இருந்தது. என்னை விட்டுவிட்டான்கள் என்று நினைத்தபோதுதான் ஜனம் கத்தியது, நான் திரும்பினேன், கோட்டருகே உடம்புகளின் குவியல் மட்டும் கிடந்தது.

என் வீட்டு பீரோவில் அப்போதே நாற்பத்திரண்டு பொன்னாடை இருந்தது. ஒன்றையும் நான் கட்டியதில்லை, அதை யாரும் கட்டுவதில்லை. என் மனைவி ஞானசெல்வம் ஒன்றை மிக்சிக்குப் போர்த்தியிருந்தாள், ஒன்றை தையல் மிஷினுக்கு, ஒன்றை மோட்டார் சைக்கிளுக்கு. நாற்பத்து மூன்றாவதற்குத்தான் அந்தப் பிள்ளையின் விரலை விட்டேன்.

இதிலும் கீழான ஒன்று உண்டு. ஒன்றும் பார்க்காதவன் ஏதாவது ஒரு பக்கம் கையைத் தூக்கத்தானே வேண்டும். சொந்த ஊருக்குத் தூக்கினால் ஓரவஞ்சனை என்பார்கள், எதிரூருக்குத் தூக்கினால் நேர்மை என்பார்கள் என்று அந்த அரை நொடியில் எனக்குத் தோன்றியது; கை நெடுந்தேரிப் பக்கம் போனது. எதிர்ப்பக்கத்து நடுவருக்கு முதுகுகள்தான் தெரிந்தன, என் கையைப் பார்த்து அவரும் தூக்கினார். கூச்சலில் விழா கலைந்தது, பொன்னாடையும் போர்த்தவில்லை. பயிற்சியாளர் நெடுந்தேரி ரைடரைக் கூட்டிக்கொண்டு போனார். கூச்சல் அடங்கியபின் டீக்கடையில் நான் நினைத்ததையே சொன்னார்கள். “சொந்த ஊருன்னும் பாக்கலயே. மனுசன்னா இவருதான்.”

மண் எழுந்து ஆடுவதை ஆலடிவிளை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. தங்கபுஷ்பம் வற்றல் பாயைக் களத்தின் தென்மூலைக்கு மாற்றினாள். வைகுண்டமணி பெஞ்சைத் திருப்பிப் போட்டு, ஐந்து மணிக்கு மேல் இருபது வடை கூடுதலாகப் போட்டார். ஐந்து பத்துக்கு வரும் பேருந்து மூன்று நிமிடம் நின்று போனது, அந்த மூன்று நிமிடத்தை டிரைவர் அடுத்த ஊர் வளைவில் எடுத்துவிடுவதாகச் சொன்னார். மண்ணுக்குச் சத்தம் கிடையாது, ஜெனிட்டாவின் உதடு அசையும், பாட்டு வராது, அதனால் முதல் வரிசையில் நின்ற பெண்கள் தாங்களே மெதுவாகக் கபடி கபடி என்று பாடிக் கொடுத்தார்கள், விரல் கோட்டைத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டார்கள். வேலிச் சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்து, சர்வேயர் கல் எங்கே நட்டார் என்று காட்டும்படி மண்ணிடம் கேட்டார்கள். ஒரு அக்கா, தன் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரை முதலில் முறைத்தது யார் என்று பார்க்கவேண்டும் என்றாள். மண் எதற்கும் அசையவில்லை, இந்த ஒன்றை மட்டும் காட்டியது. இவ்வளவு சக்தி இருந்தும் இதுக்குப் போய் வீணாக்குதே என்று சிலர் அதைக் கோபித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் நானும் போனேன், எல்லோரும் நிற்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக. எல்லோர் கண்ணும் விரலில் இருந்தது. என் கண் மட்டும் கோட்டுக்கு மூன்றடி தள்ளிப் போனது, ஏனென்றால் அங்கேயும் மண் எழுந்திருந்தது. விசிலோடு, சின்னத் தொந்தியோடு, கழுத்தை மேடைப் பக்கம் முறுக்கிக்கொண்டு ஒரு மண் மனிதன் நின்றான். அவன் உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று அசைந்தது, அவன் விரல்கள் இடுப்போரம் ஒவ்வொன்றாக மடங்கின. இவனை ஒரே ஒரு ஆள் பார்த்துவிட்டால் போதும், என் கதை முடிந்தது.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்து மணிக்கே போய் அந்த இடத்தில் ஏறி நின்றுகொண்டேன். ஐந்து பத்துக்கு என் பாதத்தின் கீழே மண் நெளியும், கணுக்காலைச் சுற்றும், வேட்டிக்குள் ஏறும், சட்டைக்குள் புகுந்து கழுத்து வரை வந்து நிற்கும். எழ முடியாமல் என்மேலேயே அப்பிக்கொள்ளும். நான் கோட்டைக் குனிந்து பார்த்தபடி அசையாமல் நிற்பேன். அன்றைக்கு எப்படி நின்றிருக்க வேண்டுமோ அப்படி நிற்பேன். வீட்டுக்குப் போய் உதறினால் ஒரு செம்பு மண் விழும். ஞானசெல்வம் துடைப்பத்தோடு வந்து, “தெனமும் எதுக்கு அங்க போயி நிக்கிய? யாராச்சும் ஒங்கள ஏசுனாவளா?” என்று கேட்டாள். யாரும் ஏசவில்லை என்றேன், அது உண்மைதான்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். ஊர் என்மேல் இரக்கப்பட்டது. “பாவம், பி.டி. சாரு தெனமும் வந்து அதே எடத்துல நிக்காரு, மனசாட்சி உள்ள ஆளு” என்று சொல்லி, எனக்கு வெயிலுக்கு ஒரு குடை கொண்டுவந்து தந்தார்கள். வைகுண்டமணி நான் நிற்கிற இடத்துக்கே டீ அனுப்பினார், காசு வாங்கமாட்டேன் என்றார். மூன்றாம் வாரம் ஜெனிட்டா டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனாள். மூன்றாவது மாடியில் துண்டும் வேட்டியும் விற்கிற இடத்தில், காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை நிற்கவேண்டும், உட்கார ஸ்டூல் கிடையாது. தேரி மணலில் ஓடின கால் அங்கே டைல்ஸ் தரையில் நின்றது. தங்கபுஷ்பம்கூட என்னைப் பார்த்தால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “மனுசக் கண்ணுதான சார். நீங்க சங்கடப்படாதீய” என்று சொல்லிவிட்டுப் போவாள். நான் தலையை ஆட்டுவேன்.

தீர்ப்பை மாற்றுவதா வேண்டாமா என்று விழாக் கமிட்டி கூடியது, ஆலய மண்டபத்தில், நெடுந்தேரிக்காரர்களையும் கூப்பிட்டு வைத்து. தலைவர் திரவியக்கனி விழா நோட்டீஸை எடுத்து, அடியில் பெரிய எழுத்தில் இருந்ததை வாசித்தார்: நடுவர் தீர்ப்பே இறுதியானது.

“மண்ணு சொல்லுதுன்னு மாத்துனா, அப்புறம் நடுவரு எதுக்கு, வெள்ளச் சட்ட எதுக்கு?” என்று நெடுந்தேரி மேனேஜர் கேட்டார். “எங்க பிள்ளைங்க ஒங்க ஊரு பிள்ளைங்க கூட ஆடிச்சா, மண்ணு கூட ஆடிச்சா?”

“அதுக்காவ, கண்ணால பாத்தத இல்லன்னு சொல்லுவியளா?” என்றார் வைகுண்டமணி. “நான் முப்பத்தஞ்சு நாளா பாக்கேன். அந்த விரலு ஒரு நாளாச்சும் கோட்டத் தாண்டாம கெடந்திருக்கா?”

“இத மாத்துனா போன வருசத்து அரையிறுதிய மாத்தணும்” என்றார் எட்வின். “அதுக்கு முந்தின வருசத்த மாத்தணும். நம்ம அப்பாமாரு ஆடுன ஆட்டத்தயும் மாத்தணும். எங்க போயி நிப்பாட்ட? மழ வந்து ஆட்டம் கெட்டா ஏத்துக்கிடுதோம்லா, அது மாதிரி இதயும் ஏத்துக்கிட வேண்டியதுதான். நடுவரு தப்பும் ஆட்டத்துல ஒரு பங்கு.”

அப்போது பின்வரிசையிலிருந்து தங்கபுஷ்பம் எழுந்தாள். “மழ எல்லாருக்கும் பெய்யும் தம்பி” என்றாள். “இந்தத் தப்பு எம் மவ ஒருத்தி மேலதான் பெஞ்சிச்சி.” அவ்வளவுதான் சொன்னாள், உட்கார்ந்துகொண்டாள்.

திரவியக்கனி என்னைப் பார்த்தார். “சார், நீங்க சொல்லுங்க. ஒங்க கண்ணுக்கு அன்னைக்கு எப்படித் தெரிஞ்சிது?”

அதுதான் சந்தர்ப்பம். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, கண் அங்கே இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நான் எழுந்து, கனைத்து, “எனக்குத் தெரிஞ்சதத்தான் சொன்னேன்” என்றேன். அந்த வார்த்தைக்கு மண்டபம் கைதட்டியது. தீர்ப்பு மாறவேண்டாம் என்று முடிவாயிற்று. மண் பாட்டுக்கு ஆடட்டும், நோட்டீஸ் பாட்டுக்கு இருக்கட்டும் என்றார்கள். கூடவே இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். பி.டி. சார் மனசு உடைந்து போயிருக்கிறார், அன்றைக்குப் போர்த்தாமல் விட்ட பொன்னாடையை வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் நிற்கிற அதே இடத்தில், அதே நேரத்தில் போர்த்தவேண்டும். யாருக்கும் யார் மேலும் வருத்தமில்லை என்று காட்ட ஜெனிட்டா கையாலேயே போர்த்தவேண்டும்.

வெளியே வரும்போது எட்வின் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அன்னைக்கே போத்த வேண்டியது சார். தாம்பாளத்துல இருந்த அஞ்சும் மத்த அஞ்சு பேருக்கு. ஒங்களுக்குன்னு சரிகக் கர போட்டதா ஒண்ணு தனியா எடுத்து, மேச டிராயர்ல வச்சிருந்தோம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. களத்தில் நான் நிற்கும் பக்கத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள், மேடையில் அதே மேசை, அதே தாம்பாளம். நெடுந்தேரியிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். நாலு மணி பேருந்தில் ஜெனிட்டா இறங்கினாள். கடைச் சீருடையை மாற்ற நேரமில்லாமல், மெரூன் சேலையில் பெயர் அட்டையைக் குத்தியபடியே வந்திருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன, செருப்பு வார் பதிந்திருந்தது. என்னைப் பார்த்து, “வணக்கம் சார், நல்லாருக்கீங்களா?” என்றாள். பள்ளிக்கூடத்தில் கேட்கிற அதே குரல்.

ஐந்து மணியிலிருந்து எட்வின் மைக்கில் பேசிக்கொண்டே இருந்தார், நேர்மையின் இலக்கணம் என்றார், தன் தீர்ப்புக்குத் தானே காவல் நின்ற மாமனிதர் என்றார். ஜெனிட்டா கவரைப் பிரித்து, பொன்னாடையின் இரண்டு முனையையும் பிடித்து ஒரே உதறில் விரித்தாள், கடையில் விரித்து விரித்துப் பழகின கை. சரிகைக் கரை வெயிலில் மின்னியது. அதைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்தாள், நான் தலையைக் கொஞ்சம் குனிந்தேன், அப்போது என் கண்ணுக்கு நேரே அந்த நடுவிரல் வந்தது. நகம் வெட்டி, ஓரத்தில் துணி நூல் சுற்றி, உயிரோடு இருந்தது. இவ்வளவு கிட்டத்தில் நான் அதைப் பார்ப்பது அதுவே முதல்தடவை.

என் பாதத்தின் கீழே மண் நெளிய ஆரம்பித்தது. நான் ஓரடி விலகினேன்.

பெரிய தைரியம் ஒன்றும் இல்லை, அந்தத் துணி என் தோளில் படுவதைத் தாங்கமுடியவில்லை, அதனால் விலகினேன். நான் விட்ட இடத்தில், முப்பத்தெட்டு நாள் என் காலடியில் நசுங்கிக் கிடந்தவன் எழுந்தான். களத்துக்குள் மண் பெண்கள் ஓடினார்கள், பிடித்தார்கள், விழுந்தார்கள். நாற்காலிகளுக்குக் கிட்டத்தில் இவன் நின்றதால் ஜனம் முதல்முறையாக அவர்களை விட்டுவிட்டு இவனைப் பார்த்தது.

“பி.டி. சாரு எங்க பாக்காரு?” என்றார் வைகுண்டமணி.

எல்லோரும் அவன் மூக்கு போகும் திசையில் பார்த்தார்கள். மேடை தெரிந்தது, மேசை தெரிந்தது, தாம்பாளம் தெரிந்தது. அவன் விரல்கள் மடங்கின, ஐந்து வரை வந்து நின்றன, மறுபடி விரிந்து மறுபடி மடங்கின. மைக்கில் எட்வினின் குரல் பாதி வாக்கியத்தில் நின்றுபோனது. மண் மனிதன் திடுக்கிட்டுத் திரும்பினான், விசிலை ஊதினான், நெடுந்தேரிப் பக்கம் கையைத் தூக்கினான், மண்ணாகச் சரிந்தான்.

விரித்த பொன்னாடையை இறக்காமல் ஜெனிட்டா கேட்டாள். “எத்தன இருந்திச்சி சார்?”

“அஞ்சு” என்றேன்.

“எத்தன பேருக்கு?”

“ஆறு பேருக்கு.”

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவள் முனைகளைச் சேர்த்து, பழைய மடிப்பிலேயே மடித்து, கையால் நீவி, கவருக்குள் வைத்தாள். “கட்டுக்கு அஞ்சுதான் சார் வரும்” என்றாள், மூன்றாவது மாடியில் வாடிக்கையாளரிடம் சொல்கிற குரலில். “ஆறாவது வேணும்னா தனியாத்தான் எடுப்பாங்க.” கவரைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, அம்மாவிடம் போய் நின்றுகொண்டாள். அடுத்த பேருந்து ஆறு மணிக்கு.

ஊர் அன்றைக்கும் என்னை ஏசவில்லை. நாற்காலிகளை மடக்கி அடுக்கினார்கள், என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், குறுக்கே கிடக்கும் பாயைச் சுற்றிப் போகிற மாதிரி. நெடுந்தேரிப் பிள்ளைகள் அடுத்த வாரம் தாங்களாகவே கோப்பையைக் கொண்டுவந்து தங்கபுஷ்பம் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். திரவியக்கனி பலகையில் முப்பத்திரண்டு என்று திருத்தி எழுதினார். பயிற்சியாளருக்குப் போன் போட்டேன், நானேதான் போட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இடம் நிரம்பிவிட்டது சார் என்றார். தீர்ப்பை மாற்றுவது சுண்ணாம்புக் கட்டியால் முடிந்தது, மற்றதை மாற்ற என்னிடம் ஒன்றும் இல்லை. ஜெனிட்டா இன்னும் அந்த மூன்றாவது மாடியில்தான் நிற்கிறாள்.

அந்த ஞாயிறோடு மண் பெண்கள் எழுவது நின்றுபோயிற்று. வைகுண்டமணி பெஞ்சைப் பழையபடி திருப்பிப் போட்டார், தங்கபுஷ்பத்தின் பாய் பழைய இடத்துக்கு வந்தது, பேருந்தும் நிற்பதில்லை. இப்போது ஐந்து பத்துக்கு ஒருவன் மட்டும் எழுகிறான். வற்றலுக்கு நடுவே, தொந்தியும் விசிலுமாக, காலியான மேடையைப் பார்த்து எண்ணுகிறான். வேடிக்கை பார்க்க நான் ஒருவன்தான். எதிரே நின்று, “அங்க இல்ல, கோட்டப் பாருலே” என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். அவன் ஐந்தாவது விரலை மடக்கி, கொஞ்சம் யோசித்து, மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான்.